தெரிந்தவர் பட்டியல்

"வந்துச்சா தம்பி?"

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் இந்தக் கேள்விதான் காதில் விழுகிறது. முகம் அதற்குப் பிறகுதான் வரும். சௌக்கியமா, சாப்பிட்டாயா என்கிற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. போனிலானாலும் நேரிலானாலும் எடுத்த எடுப்பில் "வந்துச்சா?" வந்தது என்று சொன்னாலும் விட மாட்டார். "கண்ணால பாத்தீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். பார்த்தேன் என்று நம் வாயால் சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு.

நான் அப்போது போர்ட் பிளேரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலையில் இருந்தேன். சுனாமிக்குப் பிறகு மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கிய எத்தனையோ நிறுவனங்களில் அதுவும் ஒன்று, பேர் வேண்டாம். தீவுகளில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்குக் கண், காது, இதயம் என்று எந்த ஆபரேஷன் தேவைப்பட்டாலும் மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்து தருவார்கள். நல்ல காரியம்தான். அதில் என் பங்கைப் பற்றித்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

அக்கா நடு அந்தமானில் இருக்கிற ரங்கத் ஊரிலிருந்து வருவார். விடியுமுன் பஸ் ஏறி, காட்டு வழியில் வண்டிகளைப் போலீஸ் காவலோடு மொத்தமாக விடுகிற கான்வாய் கிளம்பும்வரை காத்துக் கிடந்து, இரண்டு இடத்தில் பஸ்ஸோடு படகில் ஏறி இறங்கி, மத்தியானத்துக்கு மேல் எங்கள் ஆபீஸ் படியேறுவார். கையில் இரண்டு பெரிய பைகள் இருக்கும். அதில் அவருடைய சாமான் என்று பார்த்தால் ஒரு மாற்றுப் புடவையும் தண்ணீர் பாட்டிலும்தான். மற்றதெல்லாம் ஊரார் சாமான். ஒருவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு, இன்னொருவர் வீட்டில் ஓடாமல் போன மிக்ஸி, ஹாஸ்டலில் படிக்கிற யாரோ ஒரு பெண்ணுக்குக் கருவாடு.

தீவுகளில் இது வழக்கம். கப்பலோ பஸ்ஸோ, டிக்கெட் கிடைத்தவர் கையில் டிக்கெட் கிடைக்காத பத்துப் பேர் சாமானைக் கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்குவார்கள். அக்கா கேட்டு வாங்குவார். கொண்டுபோய்ச் சேர்த்த கையோடு, கொடுத்தவருக்குப் போன் செய்து சொல்லவும் செய்வார். ஒருமுறை எங்கள் ஆபீஸ் போனை வாங்கி, "கருவாடு சேந்துருச்சு, புள்ள கையிலயே குடுத்தேன், எங் கண்ணு முன்னாலயே மோந்து பாத்துச்சு" என்று கத்தினார். மேலாளர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நாங்கள் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அவர் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்தது. அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கப்பலில் கொண்டுவந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே பால் வெட்டி, கல்யாணம் என்ற பேச்சு ஏதோ காரணத்தால் நடக்காமல் அண்ணன் வீட்டோடு இருந்தார். அலை வந்த காலையில் அண்ணன் எட்டு மாதக் கைக்குழந்தையை இவர் கையில் கொடுத்து மேட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு, மனைவியைத் தேடித் திரும்பிப் போனார். இருவருமே வரவில்லை. இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை.

"கையில குடுத்துட்டுப் போனான் தம்பி. எங்க கொண்டுபோயிச் சேக்கணும்னு சொல்லல" என்றார்.

அந்தக் குழந்தையைத்தான் அவர் ரங்கத்தில், சொந்தக்காரர்கள் பக்கத்தில் ஒரு வீடு பிடித்து வளர்த்தார். குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. அலைச் சத்தத்துக்குப் பயந்து பேச்சு நின்றுபோயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் தீவுகளில் எதற்கெடுத்தாலும் அலைதான் காரணம். தலைவலி வந்தால்கூட அலை. அக்காவும் நம்பினார். பயம் தெளிய வேண்டும் என்று கோயில் கோயிலாகத் தூக்கிக்கொண்டு போனார், கயிறு கட்டினார். இப்படி மூன்று வருஷத்துக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் அடுப்பில் குக்கர் வெடித்து மூடி கூரையில் போய் அடித்தது. தெருவே ஓடி வந்தது. இரண்டடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அவள் பயந்து போகவில்லை. அவளுக்குக் காதே கேட்கவில்லை.

காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் எங்கள் நிறுவனத்தில் உண்டு. ஐந்து வயது முடிவதற்குள் இருந்தால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். அதற்கு மேல் போனால் பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்களாம். அக்கா முதல் தடவை எங்கள் படியேறியபோது குழந்தைக்கு நாலு வயது முடிந்து ஒரு மாதம். பதினோரு மாதம் இருக்கிறதே, நிறைய அவகாசம் என்று நினைத்தேன்.

விண்ணப்பம் மெயிலில்தான் வர வேண்டும், அதுவும் விண்ணப்பிக்கிறவருடைய சொந்த முகவரியிலிருந்து. தரகர்கள் நுழைந்துவிடாமல் இருக்க மெயின்லேண்ட் தலைமை ஆபீஸ் போட்ட விதி அது. காகிதத்தை நேரில் நீட்டினால் வாங்கக் கூடாது. அக்கா காதுப் பரிசோதனைச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரே நின்றார்.

"ரங்கத்துல பெங்காலி தாதா பிரௌசிங் கடையில மெயில் அனுப்பிச்சேனே, வந்துச்சா தம்பி?"

வரவில்லை. "அட்ரஸைத் தப்பா அடிச்சிருப்பீங்கக்கா" என்றேன். அவர் அத்தனை தூரம் திரும்பிப் போனார். அடுத்த தடவை, அனுப்பிய மெயிலை அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்தார். முகவரி சரியாகத்தான் இருந்தது. "நெட் சரியா இருந்திருக்காது" என்றேன். சாட்டிலைட்டை நம்பி நெட் ஓடிய நாட்கள் அவை. எதற்கும் நெட்டைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மூன்றாம் தடவை அக்கா எங்கள் ஆபீஸுக்கு வருமுன் இரண்டு தெரு தள்ளி இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்து அனுப்பிவிட்டு, நேரே நடந்து வந்தார். மூச்சு வாங்கியது.

"இப்பத்தான் அனுப்பிட்டு வாரேன். ரெண்டு தெருதான். நான் வந்துட்டேன், அது வந்துச்சா?"

வரவில்லை. பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு வந்த குப்பை மெயிலுக்குக் கணக்கே இல்லை. சுனாமி அநாதைகளுக்கு அவசர உதவி, கடவுள் பேரால் கருணை காட்டுங்கள் என்று உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ மோசடிக்காரர்கள் எழுதுவார்கள். ஆபீஸில் ஒருவர் அப்படி ஒன்றைத் திறந்து வைக்க, வைரஸ் புகுந்து ஒரு வாரம் எல்லா மெஷினும் படுத்துவிட்டன. மேலாளர் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் ரோஷத்தில் உட்கார்ந்து ஒரு ஃபில்டர் அமைத்தேன். சுனாமி, அநாதை, அவசரம், உதவி, கடவுள், கருணை, இந்த வார்த்தைகள் இருந்தால் மெயில் உள்ளே வராது. முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் வராது. ஒரே முகவரியிலிருந்து ஒரே நாளில் பத்துக்கு மேல் வந்தால், அன்றைக்கு அந்த முகவரியே அடைபடும். எல்லாம் தடுத்து வைத்த மெயில்கள் என்ற பெட்டிக்குப் போய் விழும். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. குப்பை நின்றுவிட்டது. மேலாளர் தலைமை ஆபீஸுக்கு என்னைப் பாராட்டி எழுதினார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது; என்னைவிடக் கெட்டிக்காரன் தீவிலேயே இல்லை என்ற நினைப்பு.

அன்றைக்கு அந்தப் பெட்டியைத் திறந்தேன். அக்காவின் மெயில்கள் இருந்தன. அழுத்தமாக இருக்கட்டும் என்று பெங்காலி தாதா முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்திருந்தார். அவசரம், சுனாமியில் பெற்றோரை இழந்த அநாதைக் குழந்தைக்குக் கடவுள் பேரால் கருணை கூர்ந்து உதவவும். என் பட்டியலில் இருந்த அத்தனை வார்த்தையும் ஒரே வரியில். எந்த ஜனங்களுக்காகக் கடை திறந்தோமோ அந்த ஜனங்கள் உள்ளே வர முடியாதபடி நான் கதவைச் செய்து மாட்டியிருந்தேன்.

மேலாளரிடம் போனேன். "இப்பத்தான் நிம்மதியா இருக்கு. அதுல கை வைக்காதே" என்றார். என் வேலை நிரந்தரமாகும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. நானும் கை வைக்கவில்லை. வெளியே வந்து அக்காவிடம், "மெஷின் சில வார்த்தைகளைப் பார்த்தா தள்ளிடும்கா, எடுத்துட்டு எழுதலாம்" என்றேன். அந்த வார்த்தைகளை மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான் என்று சொல்லவில்லை.

இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். பெண் குழந்தை. வயது நாலு. இரண்டு காதும் கேட்காது. பரிசோதனைச் சீட்டு இணைத்துள்ளேன். தேதி கொடுக்கவும். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இதுல அவ யாருன்னே இல்லயே தம்பி."

"அப்படி இருந்தாத்தான்கா போகும்."

"அவ அப்பன் ஆத்தா செத்தத எடுத்தாத்தான் ஒங்க மெசினு உள்ள விடுமா?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அக்கா அதை எடுத்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போய் அனுப்பிவிட்டு வந்தார். அந்த மெயில் இரண்டு தெருவைத் தாண்டி வந்து சேர்ந்தது. கையோடு அவருடைய முகவரியை, தடுக்கக் கூடாத தெரிந்தவர் பட்டியலிலும் சேர்த்தேன். "இனிமே உங்க அட்ரஸை மெஷினுக்குத் தெரியும்கா" என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"அச்சா! கம்ப்யூட்டருக்கும் ஜான்பெஹ்சான் வேணுமாக்கும். இத மொதல்லயே சொல்லியிருந்தா நேர்லயே வந்து பழக்கம் புடிச்சிருப்பேன்ல" என்றார். தீவுகளில் எந்த ஆபீஸில் எந்த வேலை நடக்க வேண்டுமானாலும் தெரிந்த ஆள் வேண்டும், அதற்குப் பேர்தான் ஜான்பெஹ்சான். அக்கா தமக்குக் கிடைத்ததையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வர ஏழெட்டு மாதம் ஆயிற்று. அக்கா வாரம் ஒருமுறை போன் செய்வார். இதற்குள் பெங்காலி தாதாவிடம் கேட்டுக் கேட்டு, ஒற்றை விரலால் தாமே மெயில் அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் தேதி வந்தது. குழந்தைக்கு ஐந்து முடிய இரண்டு மாதம் இருந்தது. காப்பாளர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் மெயிலில் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். போன் செய்து சொன்னேன். தேதியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரெண்டு நாள்ல அனுப்பிடுறேன்" என்றார்.

வியாழக்கிழமை எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. மேலாளர் அறையில் கேக் வெட்டினார்கள். வாயில் கேக்கோடு இருந்தபோது போன் அடித்தது.

"வந்துச்சா தம்பி?"

"வந்துருச்சுக்கா."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்கா."

நான் பார்க்கவில்லை. அவர் முகவரிதான் தெரிந்தவர் பட்டியலில் இருக்கிறதே, வராமல் எங்கே போகும் என்று நினைத்தேன். எழுந்து இருபதடி நடந்து என் மேஜைக்குப் போய்ப் பார்க்கச் சோம்பல், அவ்வளவுதான். இதற்கு மேல் இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை தலைமை ஆபீஸிலிருந்து கேட்டார்கள், ரங்கத் குழந்தையின் சம்மதக் கடிதம் ஏன் வரவில்லை என்று. தடுத்து வைத்த மெயில்கள் பெட்டியைத் திறந்தேன். வியாழக்கிழமை காலையில் அக்காவின் முகவரியிலிருந்து நாற்பதுக்கும் மேல் மெயில்கள் வந்திருந்தன. இன்னாருடைய மகனுக்கு இதயத்தில் ஓட்டை. இன்னாருடைய பேத்திக்கு மாறுகண். ரங்கத்தைச் சுற்றி, அந்த அக்கா மெயில் மட்டும் உள்ளே போகிறது என்ற செய்தி பரவியிருந்தது. எல்லோரும் அவரிடம் வந்திருக்கிறார்கள். டிக்கெட் கிடைத்தவர் கையில் சாமானைக் கொடுப்பது மாதிரிதான். அவரும் ஒருவரையும் திருப்பி அனுப்பாமல், அத்தனையையும் ஒற்றை விரலால் அடித்து அனுப்பிவிட்டு, கடைசியாகத் தம்முடையதை அனுப்பியிருக்கிறார். பத்தைத் தாண்டியதும் என் ஃபில்டர் அன்றைக்கு வந்த எல்லாவற்றையும் பெட்டியில் தள்ளி அவர் முகவரியை அடைத்துவிட்டது. தெரிந்தவரானாலும் பத்துக்கு மேல் விடாதே என்று நான்தான் அதற்குச் சொல்லியிருந்தேன்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மேலாளர் தலைமை ஆபீஸுடன் சண்டை போட்டாவது இடத்தை வாங்கியிருப்பார். கடிதம் நாள் தவறாமல் வந்துவிட்டது, நாங்கள்தான் பார்க்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் நிரந்தரமாகி நாலே நாள்தான் ஆகியிருந்தது. மேலாளரிடம் என் வாய் தானாகவே, "அவங்க அனுப்பலை சார்" என்றது. சாயங்காலத்துக்குள் அந்த இடம் வேறு மாநிலத்துக் குழந்தைக்குப் போயிற்று. அடுத்த பட்டியலுக்கு நாலு மாதம். அதற்குள் இவளுக்கு ஐந்து முடிந்துவிடும்.

இடம் போய்விட்டது என்று ஆபீஸிலிருந்து போன் போனதும் அக்கா மறுநாளே வந்தார், குழந்தையையும் கூட்டிக்கொண்டு. குழந்தைக்குப் புதுச்சட்டை. கப்பலில் போகும்போது போடுவதற்கென்று எடுத்ததாம்.

"பாத்தேன்னு சொன்னீங்களே தம்பி?"

இந்தக் கேள்விக்கு நான் பஸ் வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு, பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன். "உங்க அட்ரஸ்லேருந்து நாப்பது மெயில் வந்து கிடக்குக்கா. எது உங்களுது, எது ஊராரோடதுன்னு நான் எப்படிக் கண்டேன்? வேற எதையோ பாத்துட்டு உங்களுதுன்னு நினைச்சுட்டேன். இப்படி எல்லாருக்கும் குடுத்தா மெஷின் அடைச்சிடும்கா. தப்பு உங்க பேர்லதான்."

அவர் சண்டை போட்டிருந்தால் நான் நன்றாக இருந்திருப்பேன். சண்டைக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் குழந்தையின் புதுச்சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"ஆமா. நாந்தானே குடுத்தேன். போற பையில இன்னொரு கடுதாசி வெக்கிறதுதானேன்னு நெனச்சிட்டேன் தம்பி. மாலும் இல்ல, தெரியாமப் போச்சு" என்றார். பிறகு அந்த நாற்பது மெயிலும் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது, பார்க்கிறோம் என்றேன். அதை மட்டும் செய்தேன். சொந்த முகவரி விதியைக் கண்டுகொள்ளாமல், ராத்திரியோடு ராத்திரியாக வெளியே எடுத்துத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பினேன். அதில் சில குழந்தைகளுக்கு ஆபரேஷனும் நடந்தது. அதைப் பற்றி நிறுவனம் போட்ட அறிக்கையில் என் பெயரும் இருந்தது.

ஐந்தாறு வருஷம் கழித்து, வேறு வேலையாக மாயாபந்தருக்குப் போகிற வழியில் ரங்கத்தில் பஸ் நின்றபோது அவரைப் பார்த்தேன். போர்ட் பிளேர் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். தோளில் ஒரே ஒரு சின்னப் பை. ஒரு பெரியவர் வந்து ஒரு கவரை நீட்டி, போர்ட் பிளேரில் மருமகனிடம் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். "இல்லைங்க, நான் யாருதையும் எடுத்துட்டுப் போறதில்ல. வேற ஆளப் பாருங்க" என்றார் அக்கா. பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள், நெடுநெடுவென்று வளர்ந்து, பள்ளிக்கூடச் சீருடையில். "கடைசி பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க தம்பி. பாத்து எழுதுவா. பேச்சுதான் இல்ல" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி என்னைக் காட்டிக் கைகளால் ஏதோ சொன்னார். வீட்டுக்குள் இருவருமாக உண்டாக்கிக்கொண்ட பாஷை போலிருக்கிறது. நெஞ்சைத் தொட்டார், என்னைச் சுட்டினார், உள்ளங்கையை விரித்தார், பிறகு தம் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"என்னக்கா சொல்றீங்க?"

"நம்மளுக்காக அலஞ்ச மாமா இவருதான், அத்தைதான் புத்தியில்லாம கெடுத்துப்புட்டேன்னு சொன்னேன்."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், இரண்டு கையையும் குவித்து எனக்கு வணக்கம் வைத்தாள்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், "பஸ் கிளம்புதுக்கா, வரேன்" என்றுதான் வந்தது. ஏறி, அவர்கள் நின்ற பக்கத்து ஜன்னலை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தேன். எதிர்க்கடையில் எங்கள் பஸ் டிரைவர் அப்போதுதான் இலையைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.